சாவடிக்கு அப்பால்

பல்லக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தவன் தம்பி. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, "பல்லு செய்யற அக்கா, அதனால பல்லக்கா. இனிமே இவள நாலு பேரு தூக்கிட்டுத்தான் போகணும்" என்று சொல்லி வீட்டையே சிரிக்க வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைசியில் நாலு பேர் தூக்கிப் போகும்படி ஆனது அவன்தான். முப்பத்தைந்து வயது. குடிநீர் வாரியத்தில் குழாய்ப் பாதைகளுக்கு வரைபடம் போடுகிற வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மேஜைமேல் தலையைச் சாய்த்தவன், பக்கத்து இருக்கைக்காரர் தட்டி எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

அது நடந்து பதினொரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பல்லக்காவுக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. ஞாயிறு மூன்று மணி என்றால் அந்த வீட்டில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது.

கதவைத் திறந்தால் இருவர் நின்றார்கள். ஒருவன் தம்பியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், நகரப் பேருந்து ஓட்டுகிறவன். அவன் மெதுவாகப் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும் என்பதால் ஹாரன் என்று பெயர். இன்னொருத்தி மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண். அவள் பேசுவது எதிரில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. இருவரும் செருப்பைக் கழற்றாமல், வந்தது சரியா தப்பா என்று தெரியாதவர்கள்போல நின்றார்கள்.

"அக்கா, மறுபடி ஆடலாமா?" என்றான் ஹாரன்.

அவர்கள் ஆடியது பலகையும் காயும் இல்லாத ஒரு ஆட்டம். ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். "நீங்க ஆத்தங்கரைக்கு வந்துட்டீங்க, படகு இல்ல, என்ன செய்றீங்க?" என்று நடத்துகிறவன் கேட்பான். ஒருவர் நீந்துகிறேன் என்பார், இன்னொருவர் மரம் வெட்டுகிறேன் என்பார். முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மந்திரமும் பூதமும் உள்ள அந்த உலகத்தைப் பதினொரு வருடம் நடத்தியவன் தம்பி. ஹாரன் அதில் ஒற்றைக்கண் வீரன், மருந்துக்கடைப் பெண் பூட்டுத் திறக்கிற திருடி, பல்லக்கா மூலிகைக்காரி.

"யாரு நடத்துறது?" என்று பல்லக்கா கேட்டாள். இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

தம்பியின் அறையில், கட்டிலுக்கு எதிர்ச் சுவர் முழுக்க அந்த உலகம் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு பெரிய தாள்கள். அலுவலகத்தில் குழாய் வரைந்த கை, வீட்டுக்கு வந்து ஆறும் மலையும் வரைந்திருந்தது. மேஜை இழுப்பறையில் அவனுடைய நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில், புதிதாக நடத்த வருகிறவர்களுக்கு என்று எழுதியிருந்தான்: 'எல்லாவற்றுக்கும் முன்னால் எல்லையை முடிவு செய். கதை எவ்வளவு தூரம் போகும்? ஒரு தெருவா, ஒரு ஊரா, ஒரு நாடா? கால் படாத இடத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.'

"சொன்னவன் பன்னெண்டு தாள் வரைஞ்சிருக்கான் பாரு" என்றான் ஹாரன், அறை வாசலில் நின்றபடி. சிரிக்கத்தான் நினைத்தான், பாதியில் நின்றுவிட்டது.

கூடத்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் கேள்வியையே பேசினார்கள். ஹாரனுக்கு முழுக் கண்டமும் வேண்டும். "அவன் போட்டதுல ஒரு தாளக்கூட விடக்கூடாதுக்கா."

"ஒரு ஊர் போதும்" என்றாள் மருந்துக்கடைப் பெண். "உப்புவாசல் துறைமுகம். அங்க சந்து சந்தா நமக்குத் தெரியும். புதுசா நடத்துறவங்களுக்கு அதுதான் சுலபம்."

பல்லக்கா நோட்டை மூடி ஓரமாக வைத்தாள். பிறகு, "தெற்கே ஒரு பள்ளத்தாக்கு இருக்குல்ல? நாம போகாத இடம். இரண்டு நாள் நடை, அவ்வளவுதான். அங்க புது ஆளுங்களோட புதுசா ஆரம்பிக்கலாம். அதுக்கு வெளியில எதுவும் கிடையாது" என்றாள்.

"பழைய ஆளுங்க மூணு பேரு?" என்றான் ஹாரன்.

"அங்கயே இருக்கட்டும்."

"எங்கக்கா?"

"சாவடியில."

ஹாரனின் முகம் மாறியது. கடைசி ஞாயிறு ஆடியபோது மூவரும் ஊமைமலையைத் தாண்டி, வரைபடத்தின் வடக்கு ஓரத்தில் இருந்த கடைசிச் சாவடிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். "சாவடி பூட்டியிருக்கு. வந்த வழி மூடிடுச்சு. பனி கொட்டுது. மூணு பேரும் வெளியில நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பி பேனாவை மூடினான். "மிச்சம் அடுத்த வாரம்." சாவடிக்கு மேலே தாளில் ஒரு விரற்கடை வெறுமை. அதற்கு மேல் சுவர்.

"பதினோரு மாசமா அங்கதான் நிக்கிறோம், பாவம்" என்றான் ஹாரன், தனக்கே சொல்வதுபோல.

"கதைதானேடா" என்றாள் பல்லக்கா. சொன்ன மாத்திரத்தில் அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

கடைசியில் பள்ளத்தாக்கு என்றே முடிவானது, அல்லது மற்ற இருவரும் விட்டுக்கொடுத்தார்கள். பல்லக்கா பன்னிரண்டு தாள்களையும் ஒவ்வொன்றாகக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். அந்த அறைக்குள் அடிக்கடி போகத் தேவையிருக்காது.

அடுத்த இரண்டு வாரம் மதிய இடைவேளைகளில் பள்ளத்தாக்கை வரைந்தாள். வேலையில் அவள் கை நேர்த்தியானது. யாரோ ஒருவரின் வாய் அச்சில் சுண்ணக் கலவையை ஊற்றி, அதிர்வு மேஜையில் வைத்துக் குமிழிகளை வெளியேற்றி, மெழுகுத் தகட்டில் ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். முகம் தெரியாத ஆளின் சிரிப்பைச் செய்கிற வேலை. அதில் ஒருநாளும் அவளுக்குப் பல் இடம் மாறியதில்லை. இப்போது இரண்டு முறை மாறியது. அதிர்வு மேஜை உறுமும்போது யாரோ நடுங்கிக்கொண்டு நிற்பது நினைவுக்கு வந்தது. வெளியில் வெயில் கொளுத்தியது, அவளுக்கோ விரல் நுனிகள் சில்லிட்டிருந்தன. பதினொரு வருடம் தன் வாயால் பேசவைத்த மூலிகைக்காரி, பூட்டிய சாவடி வாசலில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, 'என்னை மறந்துட்டியே' என்று கேட்பதுபோல் இருந்தது. பள்ளத்தாக்கில் ஒரு குடிசை வரைந்தால்கூட, இதில் அவர்களுக்கு இடமில்லையே என்று உடனே அழித்துவிடுவாள்.

இரண்டாம் வாரம் புதன்கிழமை காலை, படத்தில் தெளிவாகத் தெரியாத ஓர் ஆற்றின் பெயரைச் சரிபார்க்க அறைக்குள் போனாள். போனவள் சாவடிப் பக்கம் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தாள். கண் கேட்குமா? பார்த்துவிட்டாள்.

சாவடிக்கு மேலே, அந்த ஒரு விரற்கடை வெறுமையில், ஒரு கிணறு இருந்தது.

சின்ன வட்டம், உள்ளே தண்ணீருக்கு மூன்று குறுக்குக் கோடுகள், நடுக்கோடு மட்டும் கொஞ்சம் நீளம். தம்பி தண்ணீரைப் போடுகிற விதம் அது. கைபேசியை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

அன்று அவள் பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பார்த்தபோது கிணற்றிலிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை புறப்பட்டுத் தாளின் விளிம்புவரை போயிருந்தது. ஞாயிறன்று பதின்மூன்றாவது தாள் வந்துவிட்டது. மேல் ஓரத்தில் ஒட்டுத்தெரியாமல் இணைந்திருந்தது. அதில் பாதை தொடர்ந்தது. ஒரு வளைவு, நாலு மரம், ஒரு வீடு. எல்லாம் தம்பியின் கோடு. அவனுடைய கறுப்பு மை. மேஜையில் அவன் பேனா, மூடி திறந்து கிடந்தது.

பல்லக்கா இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். "டேய்" என்று அழைத்துவிட்டு, அழைத்ததற்கே பயந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவே மகன் போனதிலிருந்து பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, எப்போதாவது பக்கத்து வீட்டுக் குழந்தையின் சீருடைக்கு ஓரம் அடித்துக் கொடுத்துக்கொண்டு, இருப்பது தெரியாமல் இருந்தாள். அவளிடம் போய் எதைச் சொல்வது?

யோசித்ததில் ஹாரன்மேல் சந்தேகம் வந்தது. அவன் பேருந்து வந்து திரும்புகிற கடைசி நிறுத்தம் அவர்கள் தெருமுனைதான். இரண்டு நடைக்கு நடுவில் கால்மணி கிடைத்தால் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான். பள்ளத்தாக்கு வேண்டாம் என்றவனும் அவன்தான்.

திங்கட்கிழமை வேலைக்குத் தாமதம் என்று சொல்லிவிட்டு நேராக நிறுத்தத்துக்குப் போனாள். ஹாரன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையாடா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"என்னக்கா?"

"அவன் கை மாதிரியே வரையறதுக்கு எத்தன நாள் பழகின? நான் அத பாத்துட்டு எப்படித் துடிச்சேன்னு தெரியுமா உனக்கு?"

அவன் துணியை மடியில் வைத்தான். அவள் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை. பிறகு, அவள் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில் சொன்னான்.

"அந்த ரூமுக்குள்ள நான் கால் வைக்கலக்கா. அன்னிக்கு நீங்க மேப்ப படம் எடுக்கப் போனப்பகூட வாசல்ல நின்னேன். உள்ள போனா அழுதுடுவேன்னு பயம். அம்மா முன்னாடி நான் அழுதா நல்லாவா இருக்கும்?"

பல்லக்கா பேருந்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏறவந்த ஒரு ஆசிரியை, "வண்டி எடுக்கலையா?" என்று கேட்டாள். ஹாரன், "ரெண்டு நிமிஷம்மா" என்றான், பழைய குரலில்.

வியாழக்கிழமை பல் செய்யும் கூடத்தில் மின்சாரம் போய்விட்டது. உலையும் ஓடாது, அதிர்வு மேஜையும் ஓடாது. பதினொன்றரைக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். பல்லக்கா வீட்டுக்கு வந்து சாவி போட்டுத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. டக்டக்டக்டக் என்று விட்டுவிட்டு. தம்பியின் அறையிலிருந்து.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நடைவழியில் நின்றாள். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகுதான் அது தனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சத்தம் என்று உறைத்தது. கதவைத் தள்ளினாள்.

அம்மா தையல் இயந்திரத்தை அறைக்குள் நகர்த்தி வந்திருந்தாள். ஊசிக்குக் கீழே துணி இல்லை. தாள். இரண்டு தாள்களின் ஓரத்தை மடித்து, வெள்ளை நூலில் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை வெட்டித் தைத்தவள், தாளிலும் தையலுக்கு ஓரம் விட்டிருந்தாள். அதனால்தான் ஒட்டுத் தெரியவில்லை.

"அம்மா."

மிதியில் இருந்த கால் நின்றது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"நீயாம்மா?"

"பின்ன யாருன்னு நினைச்ச?"

பல்லக்கா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். யார் என்று நினைத்தாள் என்பது அம்மாவுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"அவன மாதிரியே போட்டிருக்கியேம்மா. தண்ணிக்கு அந்த மூணு கோடு..."

"அவனுக்குக் கோடு போடக் கத்துக்குடுத்தது யாருடி? சட்டை அளவு வரையற காகிதத்துலதான் அவன் முதமுதல்ல கிறுக்கினான். நடுக்கோட்ட நீட்டறது என் பழக்கம்." அம்மா இப்போது திரும்பினாள். முகம் வாடியிருந்தது, கண் மட்டும் பளபளத்தது. "அன்னிக்கு நீங்க பேசினத கேட்டுட்டுத்தான் இருந்தேன். பதினோரு வருஷமா கேக்கறேன். உப்புவாசல்ல எந்தக் கடைக்குப் பின்னாடி சுரங்கம்னுகூட எனக்குத் தெரியும். நீ உலகத்த சின்னதாக்கறேன்னு சொன்ன. சாவடிய வெளிய விட்டுடறேன்னு சொன்ன."

"அது எனக்குப் பாக்க முடியலம்மா, அதனாலதான்."

"அவன் கடைசியா சொன்ன கதை அந்த இடத்தப் பத்தித்தான். பனி கொட்டுதுன்னான். கதவு பூட்டிருக்குன்னான். அதோட போயிட்டான். அங்க குடிக்கத் தண்ணி இல்ல, ஒதுங்க ஒரு கூரை இல்ல. அப்படியே விட்டுட்டு நீ தெற்கே போறேங்கற." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு மனசு கேக்கல. ஒரு கிணறு போட்டேன். அப்புறம் கிணறு மட்டும் இருந்தா போதுமா?"

பல்லக்கா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நின்றிருந்த இடத்திலிருந்து சாவடி அடையாளம் நன்றாகத் தெரிந்தது. ஆட்டக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைத் தம்பி பென்சிலில் சின்ன முக்கோணங்களாகப் போட்டு, வாராவாரம் அழித்து மாற்றுவான். ஆளுக்கு ஒன்று. நடத்துகிறவனுக்கு முக்கோணம் கிடையாது.

சாவடி வாசலில் நாலு முக்கோணங்கள் இருந்தன.

"இது எதுக்கும்மா, நாலாவது?"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "நான் போடல" என்றாள். "நான் சாவடிக்கு மேலதான் போட்டேன். கீழ அவன் போட்டதுல நான் கை வைப்பனா?"

கைபேசியில் பார்த்தால், சாவடி வாசலில் மட்டும் விளக்கு வெளிச்சம் பட்டு வெள்ளையாய் வெளுத்திருந்தது. மூன்று இருந்ததா நாலு இருந்ததா என்று சொல்லமுடியாது. கடைசி ஞாயிறு அவன் போட்டபோது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கண்டுபிடித்துவிட்டோம், இனி பயமில்லை என்றுதான் பல்லக்கா நினைத்தாள். நடந்தது வேறு. ஒளித்துச் செய்ததை அம்மா இப்போது வெளிப்படையாகச் செய்யத் தொடங்கினாள். வீட்டுக்கு மேலே ஒரு வயல். வயலுக்கு மேலே காடு. காட்டுக்கு அப்பால் இன்னொரு பாதை, இன்னொரு சத்திரம், பாலம், மறுபடி பாதை. பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று தாள்கள் ஏறின. சுவர் தீர்ந்ததும் மூலையில் திரும்பி, ஜன்னலை மூடிக்கொண்டு போயின. பகலிலேயே அறை இருட்டியது. பல்லக்கா வேலையிலிருந்து வந்தால், காலையில் மூடிவைத்த சாப்பாடு மூடியபடி இருக்கும். "இதோ, இந்த வளைவ முடிச்சுட்டு" என்பாள் அம்மா. அந்த வளைவு முடியாது. ஒருநாள் பார்த்தால் படுக்கையையும் அந்த அறைக்கே கொண்டுபோய்விட்டாள். காகிதத்தால் அடைபட்ட ஜன்னலுக்குக் கீழே, மை படிந்த விரல்களோடு சுருண்டு தூங்குகிற அம்மாவைப் பார்த்தபோது பல்லக்காவுக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. பையன் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறான், அவன் கால் வைப்பதற்கு முன்னால் தரையைப் போட்டாக வேண்டும் என்று இவள் ஓடுகிறாள். இப்படியே விட்டால் இவளும் ஒருநாள் திரும்பி வரமாட்டாள்.

இருவரையும் ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னாள். "பள்ளத்தாக்கு வேண்டாம். எல்லைய மறுபடி முடிவு பண்ணணும். அம்மாவோட" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிறு ஹாரன் அறை வாசலில் தயங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உள்ளே வந்துவிட்டான். மருந்துக்கடைப் பெண் சுவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லக்கா முதலில் நாலாவது முக்கோணத்தைக் காட்டிக் கேட்டாள். இருவரும் தாங்கள் போடவில்லை என்றார்கள்.

"அவனே போட்டிருப்பான்" என்றான் ஹாரன்.

"எதுக்கு?" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

கட்டிலில் அம்மா, எதிரே தரையில் மூவரும். நடுவில் தம்பியின் நோட்டு.

"அம்மா, நாங்க சாவடியிலிருந்தே ஆரம்பிக்கிறோம்" என்றாள் பல்லக்கா. "நீ போட்ட கிணறு, வீடு எல்லாம் உண்டு. ஆனா எங்க முடியுதுன்னு நீ சொல்லணும்."

"எதுக்கு முடியணும்? போயிட்டே இருக்கட்டும்."

"போயிட்டே இருந்தா யாரும் எங்கயும் போய்ச் சேர மாட்டாங்கம்மா."

"சேர வேண்டாம். முடிச்சுட்டா முடிஞ்சுடும்ல?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "உங்களுக்கு ஆட்டம். இஷ்டத்துக்கு வெட்டலாம். எனக்கு அப்படியா?"

ஜன்னலை மூடியிருந்த தாள் காற்றில் உப்பி உப்பி அடங்கியது. ஹாரன் தரையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான். அவனுக்கு நயமாகப் பேசத் தெரியாது.

"எனக்கு ஒண்ணு தோணுதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க. என் வண்டிக்குக் கடைசி ஸ்டாப் ஒண்ணு இருக்கு. அது இல்லாம, ரோட்ட மட்டும் போட்டுட்டே போனா, ஜனம் எறங்குறது இருக்கட்டும், ஓட்டுறவன் எப்ப எறங்குறது? அவனுக்கும் காலு வலிக்குமில்ல?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மருந்துக்கடைப் பெண் அவனை முறைத்தாள்.

அம்மா மை படிந்த விரல்களைச் சேலையில் துடைத்தாள். பிறகு பல்லக்காவைப் பார்த்து, சின்னக் குழந்தை கேட்பதுபோலக் கேட்டாள்: "அவன் எறங்கிக்கலாமாடி?"

பல்லக்கா எட்டி அம்மாவின் கையைப் பிடித்தாள். "எறங்கிக்கட்டும்மா. பதினோரு வருஷம் ஓட்டிட்டான்."

அம்மா அழுதாள். மகன் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. சத்தம் போட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லாமல் 'சாமி, சாமி' என்று அழுதாள். ஹாரன் எழுந்துபோய் அவள் காலடியில் உட்கார்ந்து, அம்மா முன்னால் அழக்கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தான்.

நாலரை மணிக்கு அம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சாவடியிலிருந்து வீடுவரை அளந்தாள். வீட்டிலிருந்து வயலின் மறு ஓரம்வரை அளந்தாள். தையல் சுண்ணாம்பால் அங்கே ஒரு கோடு இழுத்தாள். வெட்டுக்கு இழுக்கிற கோடுபோல, யோசிக்காமல், ஒரே இழுப்பில்.

"இதுக்கு மேல வேண்டாம். கீழ எதுவரைக்கும்னு நீ சொல்லு."

"சாவடிக்குக் கீழ ஒரு நாள் நடை" என்றாள் பல்லக்கா. "ஊமைமலை அடிவாரம். மிச்சமெல்லாம் இருக்கு, ஆனா நாம போகமாட்டோம்."

அம்மா தையல் பிரிக்கிற கத்தியை எடுத்து, கோட்டுக்கு மேலிருந்த தாள்களின் நூலைத் தானே பிரித்தாள். ஆளுக்கு ஒரு ஓரமாக மூவரும் தாளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஜன்னல் திறந்து மாலை வெளிச்சம் உள்ளே விழுந்தபோது எல்லோருக்குமே கண் கூசியது.

அடுத்த ஞாயிறு ஆடினார்கள். பல்லக்கா முதன்முறையாக நடத்தினாள். ராத்திரியெல்லாம் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த தொடக்கம், வாயைத் திறந்ததும் மறந்துவிட்டது. "சாவடி பூட்டியிருக்கு. பனி..." என்று ஆரம்பித்தவள் குரலில் தம்பியின் இழுப்பு அப்படியே வந்தது. ஹாரன் நிமிர்ந்து பார்த்தான். அவளுக்கும் கேட்டது. தொடர முடியாமல் நின்றாள்.

"பனி நின்னுடுச்சு" என்றாள் அம்மா, சுவரோரம் நாற்காலியிலிருந்து. "வெயில் வந்தாச்சு. நடங்க."

நடத்துகிறவளைக் கேட்காமல் வானிலையை மாற்றுவது அந்த ஆட்டத்தில் கிடையாது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. வீரனும், திருடியும், பல்லக்காவே கூட நடத்திய மூலிகைக்காரியும் கிணற்றில் தண்ணீர் குடித்தார்கள், பாதையில் ஏறினார்கள், நாலு மரத்தையும் தாண்டி வீட்டுக்கு வந்தார்கள்.

"கதவ தட்டறேன்" என்றான் ஹாரன். "யாரு இருக்கா?"

பல்லக்கா அதை முடிவு செய்திருக்கவில்லை. அவள் அம்மா உட்பட மூவர் முகத்தையும் பார்த்தாள்.

"யாரும் இல்ல. கதவு சும்மா சாத்தியிருக்கு. உள்ள இப்பதான் யாரோ பெருக்கிட்டுப் போயிருக்காங்க, தரையில வெளக்கமாத்துக் கோடுகூட அழியல" என்றாள்.

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அன்று பகடையைத் தொடவே தேவைப்படவில்லை.

அந்தச் சின்ன நிலத்தில், கோட்டுக்குள்ளேயே, எட்டு மாதமாக ஆடுகிறார்கள். வயலில் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பதுகூட இப்போது அவர்களுக்குத் தெரியும். அம்மா தன் அறையில்தான் தூங்குகிறாள். மறுபடி சீருடைத் துணி வாங்கி வெட்ட ஆரம்பித்திருக்கிறாள். சில ஞாயிறுகளில் அவளே ஒரு பாத்திரமாக வருவதும் உண்டு, பாதையில் போகிற யாரோ ஒரு வழிப்போக்கராக, திருடியிடம் சண்டை பிடிப்பதற்கென்றே.

எப்போதாவது மருந்துக்கடைப் பெண், "வயலுக்கு அந்தப் பக்கம் என்ன தெரியுது?" என்று கேட்பாள். "புல்லு" என்பாள் பல்லக்கா. "அதுக்கு மேல தெரியல." சொல்லும்போது தன் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வாள். அந்தப் பக்கம் யாரோ ஓய்வாக உட்கார்ந்து, தான் நடத்துவது சரிதானா என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல அவளுக்கு இருக்கும்.